முக்காடு போட்ட ஆண்பிள்ளை

கொடைக்கானலுக்குப் போய்விட்டு வந்தவர்களை, "குரங்கு பார்த்தீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "பார்க்காமல் என்ன! குழந்தை கையிலிருந்த சோளக்கதிரைப் பிடுங்கிக்கொண்டு ஓடிற்றே! போதாததற்கு என் கைப்பையை வேறு திறந்து பார்த்தது!" என்று ஒரு மூச்சுச் சொல்லித் தீர்ப்பார்கள். அவர்கள் சொல்லி முடித்ததும், "அந்த நாட்டுக் குரங்கு இருக்கட்டும். கருமந்தியைப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். விழிப்பார்கள்.

விழிப்பதில் தப்பே இல்லை. கருமந்தி நம்மைத் தேடி வருகிற பிராணி அல்ல. நாம் வருகிற சத்தம் கேட்டால் மறைந்துகொள்கிற பிராணி. அதிலும் அந்தக் கூட்டத்தின் ஆண் இருக்கிறதே, அதன் கூச்சம் பிரசித்தம். இந்த வாரம் அந்தக் கூச்சக்கார ஆண்பிள்ளையைப் பற்றியும், கடல் கடந்து இருக்கும் அதன் பெரிய ஒன்றுவிட்ட உறவான உராங்குட்டானைப் பற்றியும் உங்களோடு பேசலாம் என்று நினைக்கிறேன். விடுமுறை வந்தால் மலைக்கோ மிருகக்காட்சி சாலைக்கோ குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் நாம்தானே?

கொடைக்கானல் ஏரியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி, மலைச் சரிவில் ஒட்டிக்கொண்டாற்போல் இருக்கிறது வட்டக்கானல். ஒரு சிற்றூர், ஒரு நீர்வீழ்ச்சி, டால்பின் மூக்கு என்ற பாறைக்கு இறங்கிப் போகும் ஒற்றையடிப் பாதை. வெளிநாட்டு இளைஞர்கள், அதிலும் இஸ்ரேலிலிருந்து வருகிறவர்கள், மாதக்கணக்கில் தங்கிப் போகிறதால் அதற்குக் 'குட்டி இஸ்ரேல்' என்று பட்டப்பெயர்கூட உண்டு. ஆனால் வட்டக்கானலின் விசேஷம் கடைத்தெருவில் இல்லை. அதை ஒட்டியிருக்கும் பாம்பார் சோலையில் இருக்கிறது. சோலை என்றால் நம் ஊர்ப் பூங்கா என்று எண்ணிவிடாதீர்கள். மலை மடிப்புகளில், ஓடை ஓடும் இடங்களில், குட்டையான மரங்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும் பச்சைக் காடு அது. கிளையெல்லாம் பாசி, அடியெல்லாம் பெரணி, பட்டப்பகலில்கூட அந்திநேரத்து வெளிச்சம். மூடுபனி உள்ளே புகுந்துவிட்டால் பத்தடிக்கு அப்பால் நிற்பது மரமா, மனிதரா என்பதே தெரியாது.

கூச்சப்படுகிறவனுக்கு இதைவிட நல்ல வீடு உண்டா?

கருமந்தியை நீலகிரி மந்தி என்றும் சொல்வார்கள். குடகுப் பக்கத்திலிருந்து கன்னியாகுமரி வரை மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே இருக்கிறது. உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. மினுமினுக்கும் கறுப்பு உடம்பு. தலையில் மட்டும் மஞ்சளும் பழுப்புமாகக் குல்லாய் வைத்தாற்போல் முடி. உடம்பைவிட நீளமான வால். பெண்ணின் தொடையின் உட்பக்கத்தில் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கும். ஆணுக்கு அது இல்லை. குட்டி பிறக்கும்போது கறுப்பு இல்லை, செம்பழுப்பு! சில வாரங்கள் போனபிறகே கறுக்கத் தொடங்கும். பெற்றவள் மட்டும்தான் குட்டியைத் தூக்க வேண்டும் என்ற கண்டிப்பும் அங்கே இல்லை. சித்தி, பெரியம்மா என்று கூட்டத்துப் பெண்களெல்லாம் கைமாற்றிக் கைமாற்றி வைத்துக்கொள்வார்கள். கூட்டுக் குடித்தனத்தின் சௌகரியம் தெரிந்தவர்கள்.

அந்தக் குடித்தனத்தில் பெரும்பாலும் ஒரே ஓர் ஆண்தான் வளர்ந்தவனாக இருப்பான். பெண்கள் இலையும் கொழுந்தும் தின்றுகொண்டிருக்க, இவன் உயரத்தில் ஒரு கிளையில் உட்கார்ந்து நாலாபுறமும் பார்த்துக்கொண்டிருப்பான். விடிகாலையில் 'ஹூ... ஹூ...' என்று பள்ளத்தாக்கு முழுக்க எதிரொலிக்கக் குரல் கொடுப்பதும் இவன்தான். 'இது என் சோலை, வேறு எவனும் வராதே' என்று பக்கத்துச் சோலை ஆணுக்குச் சொல்லுகிற சமாசாரம் அது. அவ்வளவு பெரிய குரல் உள்ளவன், மனிதர் தலை தெரிந்ததும் என்ன செய்கிறான் தெரியுமா? ஓர் எச்சரிக்கைக் குரல், அவ்வளவுதான். குடும்பம் முழுவதும் இலைக்குள் கரைந்துவிடும். ஓடி ஒளிகிற ஆரவாரம்கூட இராது. நமக்கு நேர் மேலேயே மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்கும். நாம் 'ஒன்றும் இல்லை, வாருங்கள் போகலாம்' என்று திரும்பி நடப்போம்.

போன தடவை நாங்கள் டால்பின் மூக்குப் பாதையில் இறங்கியபோது இப்படித்தான் நடந்தது. மேலே ஏதோ கிளை அசைந்தது. நின்றோம். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். கூட வந்த உறவுக்காரர் ஒருவர், "டீக்கடை மூடிவிடுவான்" என்று மூன்று தரம் ஞாபகப்படுத்திவிட்டார். எங்கள் வீட்டு எட்டு வயதுப் பெண்தான் கண்டுபிடித்தாள். "அத்தை, அந்தக் கொடி மாத்திரம் ஏன் நேராகத் தொங்குகிறது?" என்றாள். பார்த்தால் அது கொடி இல்லை. வால்! வாலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மேலே கொண்டுபோனால் ஒரு கறுப்பு மூட்டை. மூட்டையின் உச்சியில் இரண்டு கண்கள். இவ்வளவு நேரமும் அது எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் அதைப் பார்த்தது அரை நிமிஷம் இருந்தால் அதிகம். அடுத்த நொடி கிளை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

இந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பதிலில் நம் சமையலறை அலமாரியும் கொஞ்சம் வந்து சேரும். இருமலா, குழந்தைக்கு இழுப்பா, பிரசவம் ஆன பெண்ணுக்குத் தெம்பு இல்லையா? 'கருங்குரங்கு லேகியம்', 'கருங்குரங்கு ரசாயனம்' என்று ஒரு காலத்தில் வெளிப்படையாக விற்றார்கள், வாங்கினார்கள், ஊட்டினார்கள். வாங்கினவர்களில் கெட்டவர்கள் யாரும் இல்லை. பிள்ளை மூச்சுத் திணறும்போது தாயார் எதைத்தான் வாங்கமாட்டாள்? ஆனால் அந்த டப்பாவுக்காகத் துப்பாக்கிச் சத்தம் கேட்டது இந்தச் சோலைகளில்தான். மாமிசத்துக்காகவும், கறுப்பு ரோமத்தோடு கூடிய தோலுக்காகவும் வேறு சுட்டார்கள். உயரத்தில் உட்கார்ந்து குரல் கொடுக்கிற ஆண்தானே முதலில் கண்ணில் படும்? 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, கருமந்தியைக் கொல்வதும் விற்பதும் குற்றம் என்று ஆகிவிட்டது. இழுப்புக்கு அதைவிடச் சுலபமான, குணம் நிச்சயமான வைத்தியம் இப்போது எந்த டாக்டரிடமும் கிடைக்கும். இன்றைக்கும் யாராவது ரகசியமாக அந்தப் பெயர் சொல்லி ஒரு டப்பாவை நீட்டினால் வாங்காதீர்கள். உள்ளே இருப்பது எதுவோ, வெளியே இருப்பது குற்றம்.

சோலையிலாவது ஒளிய இலை இருக்கிறது. கூண்டுக்குள் வந்த கூச்சக்காரனுக்கு?

சென்னைக்காரர்களுக்கு மிருகக்காட்சி சாலை பழைய உறவு. 1855இல் எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர் மியூசியத்திலேயே மிருகங்களை வைத்துக் காட்டத் தொடங்கியதில் பிறந்தது அது. பிறகு மூர் மார்க்கெட் பக்கத்துக்குப் போயிற்று. மியூசியத்துக்குச் 'செத்த காலேஜ்' என்றும் மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்' என்றும் ஜனங்கள் பெயர் வைத்தார்கள். எவ்வளவு பொருத்தமான பெயர்! பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1985இல் அந்த உயிர் காலேஜ் வண்டலூரில் 600 ஹெக்டேருக்கும் மேற்பட்ட காட்டு நிலத்தில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. கம்பி போட்ட சின்னப் பெட்டிகளுக்குப் பதில் அகழியும் மரமும் புல்லும் வந்தன. கருமந்தியும், அதன் அண்டை வீட்டுக்காரனான சிங்கவால் குரங்கும் அங்கே உண்டு.

இதில் ஒரு வேடிக்கை. பழைய கூண்டின் முன்னால் நின்றவர்கள், 'ஐயோ பாவம், இத்தனை சின்ன இடத்திலா?' என்றார்கள். புதிய விசாலமான அடைப்பின் முன்னால் நிற்கிறவர்கள், 'எங்கே ஒன்றையும் காணோம்? டிக்கெட் காசு தண்டம்' என்கிறார்கள். மரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ள மிருகத்துக்கு இடம் கொடுத்தால், சில சமயம் அது போய் உட்கார்ந்துகொள்ளத்தான் செய்யும்! நாமோ உடனே கை தட்டுகிறோம், விசில் அடிக்கிறோம், கல் பொறுக்குகிறோம். கல் எறிவதும் சீண்டுவதும் தீனி போடுவதும் சட்டப்படி குற்றம். சிறைவாசம்கூட உண்டு என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கூட்டம் பார்க்க வருவது குரங்குக்கு என்ன செய்கிறது என்பதை நம் தேசத்திலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அவந்தி மல்லாபூர், அனிந்திய சின்ஹா, நாட்டலி வாரன் என்ற மூன்று விஞ்ஞானிகள், இந்தியாவின் 8 மிருகக்காட்சி சாலைகளில் இருந்த சிங்கவால் குரங்குகளைக் கவனித்து 2005இல் முடிவை வெளியிட்டார்கள். ஜனங்கள் வராத நாளில் ஒழுங்காக இருந்த குரங்கு, ஜனங்கள் வரும் நாளில் தன்னையே கடித்துக்கொள்வது, ஒரே இடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடப்பது போன்ற விபரீதங்களை அதிகம் செய்தது. ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொண்டு உறவாடுவதும் குறைந்துபோயிற்று. விருந்தாளிகள் ஓயாமல் வந்துகொண்டிருக்கும் வீட்டில் புருஷனும் மனைவியும் நாலு வார்த்தை பேசிக்கொள்ள முடியாது அல்லவா? அந்த அவஸ்தைதான்.

இனி உராங்குட்டானுக்கு வருவோம். 'ஓராங்' என்றால் மலாய் மொழியில் மனிதன். 'ஹூத்தான்' என்றால் காடு. காட்டு மனிதன் என்று பெயர். போர்னியோ, சுமத்ரா தீவுகளில் மட்டும் இருக்கிற வாலில்லாக் குரங்கு. செம்பட்டை முடி. வளர்ந்த ஆண் 80, 90 கிலோ இருக்கும். பெண் அதில் பாதி. பெரிய ஆணுக்கு இரு கன்னங்களிலும் முறம் வைத்துத் தைத்தாற்போல் அகலமான சதை மடிப்பு. தொண்டைக்குக் கீழே ஒரு பை. அந்தப் பையை ஊதி அது கொடுக்கும் நீண்ட குரல் காட்டில் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும். பார்க்க அசுரன், சுபாவத்தில் தனிக்கட்டை. காட்டில் வளர்ந்த ஆண் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தனியாகவே கழிக்கிறது. பெண்ணோடு சில நாள் உறவு, பிறகு அவரவர் வழி. அப்படிப்பட்டவனைக் கொண்டுவந்து ஆயிரம் ஜோடிக் கண்களுக்கு முன்னால் உட்கார வைத்தால் என்ன செய்வான்?

முக்காடு போட்டுக்கொள்வான்! கதை இல்லை, நிஜம். சாக்கு, காகிதப் பை, வாழையிலை போன்ற பெரிய இலை என்று கிடைப்பதை எடுத்துத் தலைமேல் போர்த்திக்கொண்டு உட்காருவது உராங்குட்டானின் வழக்கம். காட்டில் மழைக்கும் வெயிலுக்கும் இலையைக் குடையாகப் பிடிக்கிற அதே கைதான். இங்கிலாந்தில் செஸ்டர் என்ற ஊரின் மிருகக்காட்சி சாலையில் இதைக் கணக்கெடுத்துப் பார்த்து 2002இல் எழுதினார்கள். பார்க்க வருகிற கூட்டம் பெருகினால், சத்தம் அதிகமானால், பெரியவைகள் சாக்கை இழுத்துத் தலையை மூடிக்கொள்வதும் பெருகிற்று. குட்டிகளோ பெரியவர்களை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டன. நம் பாட்டிமார் அந்நிய ஆண்பிள்ளை வாசலில் நின்றால் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போவார்களே, அதை நாம் நாணம் என்று பாராட்டினோம். தொண்ணூறு கிலோ ஆண்பிள்ளை அதையே செய்தால், 'சாக்கை எடுடா' என்று கூச்சல் போடுகிறோம்.

இன்னொரு விந்தையையும் கேளுங்கள். உராங்குட்டான் ஆண்கள் இரண்டு தினுசு. ஒன்று, இப்போது சொன்ன கன்னமடிப்பு வைத்த பெரியவன். மற்றொன்று, வயசுக்கு வந்த பிறகும் மடிப்பு வளராமல், பை வளராமல், கிட்டத்தட்டப் பெண் அளவிலேயே நின்றுவிடுகிற ஆண். வியாதி இல்லை; குழந்தை பிறப்பிக்கிற சக்திக்கும் குறைவில்லை. ஆனால் பக்கத்தில் ஒரு பெரியவன் கோலோச்சிக்கொண்டிருந்தால், இவன் உடம்பு வளர்ச்சியை நிறுத்தி வைத்துக்கொள்கிறது! சில வருஷம் அல்ல, இருபது வருஷம்கூட. பெரியவன் போய்விட்டால், பிறகு சில மாதங்களில் கன்னம் பெருக்கிறது, குரல் வருகிறது. மிருகக்காட்சி சாலைகளில் முதலில் கவனிக்கப்பட்டு, பின்னால் காட்டில் உறுதியான சங்கதி இது. மாமனார் இருக்கிற வரை வீட்டில் வாயே திறக்காத பிள்ளைகளை உங்களுக்குத் தெரியாதா என்ன! ஆகையால் அடைப்பின் ஓரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சின்ன உருவத்தைப் பார்த்து, 'அது பெண் போலிருக்கிறது' என்று குழந்தைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள்.

கூச்சப்படுகிறது என்பதால் அசடு என்றும் நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் ஒமாஹா என்ற ஊரில் பூ மாஞ்சு என்ற ஆண் உராங்குட்டான் இருந்தது. 1968இல் அது அடிக்கடி அடைப்பைவிட்டு வெளியே வந்து மரத்தின் மேல் சாவதானமாக உட்கார்ந்திருக்கும். காவலாளிகளில் எவனோ கதவைப் பூட்ட மறந்துவிடுகிறான் என்று அதிகாரி ஆளுக்கு ஆள் மிரட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒளிந்திருந்து பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. கதவைக் கொஞ்சம் இழுத்து, இடுக்கில் ஒரு கம்பியை விட்டு, தாழ்ப்பாளை நெம்பித் திறந்தது நம் ஆசாமி! அந்தக் கம்பியை எங்கே வைத்திருந்தது? கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே, பளபளவென்று, பத்திரமாக. நாம் கொண்டை ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு தலை பின்னுவதை எங்கேயோ பார்த்திருக்கிறதோ என்னவோ!

இந்தியாவில் உராங்குட்டான் பார்க்க வேண்டுமென்று புறப்பட்டுவிடாதீர்கள். புவனேசுவரத்துக்குப் பக்கத்தில் நந்தன்கானன் பூங்காவில் பின்னி என்ற பெண் உராங்குட்டான் இருந்தது. 2003இல் புனேயிலிருந்து அங்கே போயிற்று. 2019 மே மாதம் 41ஆவது வயதில் அது இறந்தபோது, நம் தேசத்து மிருகக்காட்சி சாலைகளில் இருந்த ஒரே உராங்குட்டான் அதுதான். தனிக்கட்டையாகவே வந்து தனிக்கட்டையாகவே போயிற்று. ஆனால் உங்களில் எத்தனையோ பேருக்குப் பெண்ணோ பிள்ளையோ சிங்கப்பூரில் இருக்கிறார்கள். பேரன் பேத்தியைப் பார்க்கப் போனால் மிருகக்காட்சி சாலைக்கு அழைத்துப் போகாமல் விடமாட்டார்கள். 1973இல் திறந்த அந்தப் பூங்காவில் ஆ மெங் என்ற பெண் உராங்குட்டான் 2008இல் சாகும் வரை ஊருக்கே செல்லப்பிள்ளை. வந்தவர்களோடு காலைச் சிற்றுண்டி சாப்பிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்டது. பெண்கள் அப்படிக் கலகலப்பாகப் பழகுவார்கள். ஆணை அப்படி எதிர்பார்க்காதீர்கள்.

எப்படித்தான் பார்ப்பது என்கிறீர்களா? எனக்குத் தெரிந்த வரையில் முக்கால் பங்கு சாமர்த்தியம் உட்காருவதில் இருக்கிறது. நின்றுகொண்டே இருந்தால், 'இவர்கள் ஏதோ செய்யப் போகிறார்கள்' என்று மிருகம் நம்மை விட்டுக் கண்ணை எடுக்காது. உட்கார்ந்து, தலையைக் குனிந்து, கையிலிருக்கும் பின்னலைப் பார்ப்பதுபோல் ஓரக்கண்ணால் பாருங்கள். குரங்கு ஜாதிக்கு நேருக்கு நேர் முறைத்துப் பார்ப்பது சண்டைக்கு அழைப்பு. பல்லைக் காட்டிச் சிரிப்பதையும் பல குரங்குகள் நட்பாக எடுத்துக்கொள்வதில்லை. நாமோ முறைக்கவும் செய்கிறோம், பல்லைக் காட்டவும் செய்கிறோம், பிறகு 'பொல்லாத குரங்கு' என்கிறோம்! காலையில் கதவு திறந்ததும் போய்விடுவது நல்லது. பத்து மணிக்கு மேல் பள்ளிக்கூட பஸ்கள் வந்துவிட்டால் சாக்கு ஏறிவிடும் தலைக்கு. வண்டலூர் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குரங்குகளுக்கும் ஒரு நாளாவது வேண்டாமா?

குழந்தைகளைச் சும்மா இரு என்றால் இருக்காது. வேலை கொடுக்க வேண்டும். 'முதலில் வாலைக் கண்டுபிடிக்கிறவருக்கு ஒரு மிட்டாய்' என்று சொல்லுங்கள். உராங்குட்டான் ஆனால் வால் கிடையாது. 'எத்தனை விரல் சாக்குக்கு வெளியே தெரிகிறது?' என்று கேளுங்கள். அரைமணி போவது தெரியாது.

'ஒளிய இடம் வைத்தால் காசு கொடுத்து வந்தவர்கள் என்ன பார்ப்பது?' என்று என்னிடமே வாதாடினார் பக்கத்து வீட்டு மாமி. நியாயமான கேள்விதான். ஆனால் முதுகைக் காட்டக்கூட இடமில்லாத கூண்டில் நாம் பார்ப்பது என்ன? குறுக்கும் நெடுக்கும் நடக்கிற ஒரு நோயாளியை. மறைய ஓர் இடம், ஏற ஓர் உயரம், பார்வையாளர் நிற்க ஒரே பக்கம் என்று அடைப்பைக் கட்டினால், மிருகம் தனக்குத் தோன்றும்போது தானாக வெளியே வரும். அந்தப் பத்து நிமிஷத்தில் பார்ப்பது, நாள் பூரா முக்காட்டைப் பார்ப்பதற்கு மேல். மாமி ஒப்புக்கொள்ளவில்லை. 'டிக்கெட்டிலே பாதி திருப்பித் தரட்டும்' என்றார்.

வட்டக்கானலில் டிக்கெட் பிரச்சினை இல்லை. மறையும் இடத்துக்குத்தான் ஆபத்து. பழனி மலையின் புல்வெளிகளில் பெரும்பகுதி சென்ற நூற்றாண்டில் சீகை, பைன், தைல மரத் தோப்புகளாக மாறிப்போயிற்று. சோலைகளும் சுருங்கின. 1980களில் இங்கிலாந்திலிருந்து வந்து வட்டக்கானலில் குடியேறிய பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் என்ற இருவர், பாம்பார் சோலையைக் காப்பாற்றக் கிளம்பினார்கள். உள்ளூர் ஜனங்களைச் சேர்த்துக்கொண்டு வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளை என்று ஒன்றை ஏற்படுத்தி, சோலை மரங்களின் விதையைப் பொறுக்கி நாற்றங்கால் போட்டு வளர்த்தார்கள். எங்கேயும் கிடைக்காத செடிகளெல்லாம் அந்த நாற்றங்காலில் முளைத்தன. பழைய அந்நிய மரத் தோப்புகளின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் தாமாகத் தலைதூக்குவதையும் அவர்கள் ஊருக்கு எடுத்துச் சொன்னார்கள். வெட்டித் தள்ளுவதற்கு முன் அடியில் என்ன முளைத்திருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம், ஏறக்குறைய 600 சதுர கிலோமீட்டர், அறிவிக்கப்பட்டது.

மறைவு போய்விட்டால் கூச்சமும் போய்விடும் என்பதற்கு வால்பாறையில் சாட்சி இருக்கிறது. புதுத்தோட்டம் என்ற எஸ்டேட்டில், தேயிலைக்கு நடுவே துண்டுபட்ட காட்டில் மாட்டிக்கொண்ட சிங்கவால் குரங்குகள், சாலையில் இறங்கின. பிறகு வீடுகளுக்குள் நுழைந்து அரிசிப் பானையைத் திறக்கக் கற்றுக்கொண்டன. காரில் அடிபட்டும் செத்தன. இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தார் பழைய தீயணைப்புக் குழாய்களைச் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டிப் பாலம் அமைத்தார்கள். குரங்குகள் அதில் சமர்த்தாக நடந்து போகின்றன. அந்த ஊர்ப் பெண்களுக்குக் குரங்கு வேடிக்கையே இல்லை, அடுக்களைத் தொல்லை. அவர்கள் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

கருமந்தி அந்த நிலைக்கு வராமலிருக்க நாம் செய்யக்கூடியது மிகச் சின்னக் காரியம்: ஒன்றும் போடாமல் இருப்பது. அதன் வயிறு நம் வயிறு போன்றது இல்லை. பசு மாட்டுக்கு இருப்பதுபோல அறை அறையாக இருக்கும். முற்றிய இலையைக்கூட ஊறப்போட்டு, புளிக்கவைத்து ஜீரணிக்கிற வயிறு. பிஸ்கோத்தும் ரொட்டியும் அதற்கு விஷம் மாதிரி. 'ஒரே ஒரு வாழைப்பழம்தானே' என்று அடம் பிடிக்கிற குழந்தைக்கு, 'அதற்கு வயிறு உப்பிவிடும்' என்று சொன்னால் போதும். குழந்தைகளுக்கு வயிற்று வலி புரியும்.

உராங்குட்டானின் மறைவிடம் நம் எண்ணெய்ச் சட்டி வரை வந்து நிற்கிறது. போர்னியோவிலும் சுமத்ராவிலும் காட்டை அழித்துப் போட்ட தோட்டங்களில் பெரும்பாலானவை பனையெண்ணெய்த் தோட்டங்கள். உலகத்திலேயே அதிகமாகப் பாமாயில் வாங்குகிற தேசம் நம்முடையது. ரேஷன் கடையில் வாங்குவதும் அதுதான். பாமாயில் வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மாதக் கடைசியில் அதைவிட மலிவான எண்ணெய் எது? பெண் உராங்குட்டான் ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் 7, 8 வருஷம் இடைவெளி விடுகிறது என்பதை மாத்திரம் சொல்லி வைக்கிறேன். இழந்ததை அவ்வளவு சுலபமாக ஈடுகட்ட அவர்களால் முடியாது.

வட்டக்கானல் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு வார்த்தை. 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு வண்டியில் போக இ-பாஸ் வேண்டும். புறப்படும் முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள். சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டுப் புடவையைப் புகைப்படத்துக்கு வைத்துக்கொண்டு, சோலைப் பக்கம் போகும்போது பச்சையோ பழுப்போ சாயம் போன பருத்திப் புடவை ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். காலில் அட்டை ஏறும். பயப்பட வேண்டாம், உப்புப் பொட்டலம் ஒன்று இடுப்பில் இருக்கட்டும். ஏழு மணிக்குள் பாதையில் இறங்கிவிட்டால் 'ஹூ... ஹூ...' கேட்கும். சத்தம் வந்த பக்கம் ஓடாதீர்கள். இருந்த இடத்திலேயே ஒரு கல்லைப் பார்த்து உட்கார்ந்து, பிளாஸ்க்கைத் திறந்து காப்பியை ஊற்றிக்கொண்டு, தொங்கும் கொடிகளில் எது காற்றுக்கு அசையவில்லை என்று பாருங்கள்.

அடுத்த வாரம், கொடைக்கானல் மலைப்பூண்டு ஏன் அப்படி மணக்கிறது என்று பார்ப்போமா?